கஸ்ஸாலியின் பஞ்சும் ஹியூமின் பந்தும்

வெவ்வேறு நாட்டிலும் காலத்திலும் வாழ்ந்த மெய்யியலாளர்களிடம் ஒரே கருத்து தென்படும் இடங்களைத் தேடிக் குறித்துவைப்பது என் ஓய்வுநேரப் பழக்கம். கருத்துக்கு ஓர் அட்டை வீதம் எழுதுகிறேன். அவரவர் வந்தடைந்த முடிவோடு நிறுத்தாமல், எந்தக் கேள்விக்கு விடை தேடினார், யாரை மறுத்தார், எந்த வாதத்தின் வழியே அங்கு வந்தார் என்பதையும் அதிலேயே பதிகிறேன். முடிவுகளை மட்டும் அருகருகே வைத்தால் எல்லாரும் ஒன்றையே சொன்னதாகத் தோன்றிவிடும். அந்தத் தோற்றத்தை நான் நம்புவதில்லை.

இதுவரை எழுதியவற்றுள் காரணகாரியத் தொடர்பு பற்றிய அட்டைதான் என்னை நெடுநாள் பிடித்துவைத்தது. பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த இமாம் கஸ்ஸாலி (1058–1111), மெய்யியலாளர்களை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத் அல் ஃபலாசிஃபா’ நூலின் 17ஆம் விவாதத்தில், நெருப்பைத் தொட்ட பஞ்சு எரிவதை எடுத்துக்கொள்கிறார். தொட்டபோது எரிந்ததை நாம் கண்டோம். நெருப்பே அதை எரித்தது என்பதை எவரும் கண்டதில்லை என்பது அவருடைய வாதம். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் (1711–1776), மனித அறிவைப் பற்றி 1748இல் வெளியிட்ட நூலில், மோதிக்கொள்ளும் பில்லியர்ட் பந்துகளைக் காட்டி ஏறத்தாழ இதையே கூறுகிறார். ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதைப் பார்க்கிறோமே தவிர, இரண்டையும் பிணைக்கும் கட்டாயத்தைப் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்பக் கண்ட வழக்கமே அடுத்தது இன்னது என்று மனத்தை எதிர்பார்க்கவைக்கிறது என்பதிலும் இருவரும் நெருங்கி வருகிறார்கள்.

ஆனால், ‘எதற்காக’ என்று எழுதும்போது அட்டை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. காரணத்திலிருந்து காரியம் கட்டாயமாகப் பிறக்கிறது என்ற, மெய்யியலாளர் இப்னு சீனாவின் மரபினரை மறுத்து, இப்ராஹீம் நபியை நெருப்பு சுடாதிருந்தது போன்ற அற்புதங்களுக்கு இடமுண்டு என்று காட்டவே கஸ்ஸாலி இவ்வாதத்தை எழுப்பினார். எரிப்பவன் இறைவனே என்பது அவர் நிலை. ஹியூமோ அதே 1748ஆம் ஆண்டு நூலின் 10ஆம் பகுதியில், அற்புதங்களைப் பற்றிய சாட்சியங்களை நம்ப இயலாது என்று வாதிடுகிறார். நான் படித்தவற்றில் இதைவிட வியப்பளித்த இணை வேறில்லை.

இருவருக்கும் நடுவே, உண்மையான காரணம் இறைவன் ஒருவனே என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் மால்பிரான்ஷை (1638–1715) வைத்திருக்கிறேன். ஹியூம் அவரைப் படித்தவர் என்பதால் அவ்விருவருக்கிடையே மட்டும் கோடு இழுத்திருக்கிறேன். கஸ்ஸாலியிடமிருந்து கோடு எதுவும் இல்லை.

‘நான் இருக்கிறேன்’ என்ற உறுதியைப் பற்றிய அட்டை எளிதாக முடிந்தது. ‘சிந்திக்கிறேன், எனவே இருக்கிறேன்’ என்ற தமது வாதம் கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீனிடம் முன்பே இருப்பதைச் சுட்டியவருக்குப் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் 1640இல் எழுதிய மடலில், அகஸ்தீன் அதைத் திரித்துவத்தின் (ஒரே இறைவன் மூன்று ஆள்களாக இருக்கிறான் என்ற கிறித்தவக் கொள்கை) சாயல் நம்முள் இருப்பதைக் காட்டவும், தாம் ‘நான்’ என்பது உடலற்ற பொருள் என்று நிறுவவும் பயன்படுத்துவதாக அவரே பிரித்துக் காட்டிவிடுகிறார்.

அடுத்து பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரை எடுத்திருக்கிறேன். தன்னிலிருந்தோ, பிறிதிலிருந்தோ, இரண்டிலிருந்துமோ, காரணமின்றியோ எதுவும் தோன்றுவதில்லை என்று தொடங்கும் அவரை முதலில் கஸ்ஸாலியின் அட்டையிலேயே சேர்க்க நினைத்தேன். பொருள்களிடமிருந்து பறித்த ஆற்றலைக் கஸ்ஸாலி இறைவனிடம் ஒப்படைக்கிறார். நாகார்ஜுனர் அதை எவரிடமும் ஒப்படைப்பதில்லை. எனவே அவருக்குத் தனி அட்டை தொடங்கியிருக்கிறேன்.