கேட்டுட்டேன் மிஸ்

"மிஸ், அம்மா எங்க போறாங்க?"

அந்தப் பிள்ளை இதைக் கேட்டபோது அவளுடைய வீட்டைப் பற்றிய கோப்பு என் கையில்தான் இருந்தது. வீட்டைப் பார்த்து முடித்துவிட்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். பன்னிரண்டு வயது. விரல்களில் மாவு ஒட்டியிருந்தது. ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

"அதை அம்மாகிட்டயே கேளு தங்கம்" என்றேன்.

"கேட்டுட்டேன் மிஸ்."

மழை வருது, உள்ள போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இது 2022 இல். வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்பும் தாய்மாரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் குடும்பப் பின்னணி அறிக்கை எழுதுகிற உத்தியோகத்தர் நான். இத்தனை வருடத்தில் அப்படி எத்தனையோ அறிக்கைகள் என் கையால் போயிருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

தாய் அதற்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து என்னிடம் கேட்டிருந்தார். சவூதிக்கு வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். பிள்ளைகளிடம் கொழும்பில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். "வீட்டுக்கு வாறப்ப வாய் தவறிச் சொல்லிடாதீங்க மிஸ். மூத்தவ தாங்க மாட்டா. பக்கத்து லயத்துப் பிள்ளைங்கள அம்மா விட்டுட்டுப் போனதுன்னு எல்லாரும் பேசுறதக் கேட்டே வளர்ந்தவ அவ." நானும் சரி என்றேன். அந்த வருடம் மாவு விலை ஏறிய ஏற்றத்தில், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா போட்ட கணக்கில் நான் என்ன குறை சொல்ல முடியும்?

இலங்கையில் இந்த அறிக்கை 2013 இல் வந்தபோது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. 2022 இல் அது இரண்டு வயதானது. இந்த வீட்டில் இளையவனுக்கு ஆறு வயது. ஆகவே தடை எதுவும் இல்லை. கணவர் சம்மதித்திருந்தார். பாட்டி திடமாக இருந்தார். பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனார்கள். எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதினேன். பிள்ளைக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது தாயின் விஷயம். ஒரு உத்தியோகத்தர் இடையில் புகுந்து, படியில் நின்று போட்டு உடைக்கிற விஷயமா அது? இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் "அம்மாகிட்டயே கேளு" என்று நான் சொன்னது மௌனம் இல்லையே. கொழும்புக்கு என்று சொல்லியிருந்தால் தாயின் சொல்லுக்கு ஒரு சாட்சியாவது கிடைத்திருக்கும். சவூதிக்கு என்று சொல்லியிருந்தால் பிள்ளைக்கு உண்மை கிடைத்திருக்கும். நான் சொன்னதில் அவளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: ஏதோ இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது.

போன வருடம் மகன் 'தி அமெரிக்கன்ஸ்' என்ற தொடரைப் பார்க்க ஆரம்பித்தான். 2013 இலிருந்து 2018 வரை ஆறு சீசன்களாக வந்தது, மொத்தம் எழுபத்தைந்து எபிசோட். தூக்கம் வராத ஒரு ராத்திரி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்புறம் எழும்பவே இல்லை. பிலிப், எலிசபெத் என்று அமெரிக்கப் பெயர்களில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வாழும் சோவியத் உளவாளிகள் இருவர். வெளியே பார்த்தால் பயண முகவர் நிலையம் நடத்தும் சாதாரணத் தம்பதி. மகள் பேஜ், மகன் ஹென்றி, இருவருக்கும் ஒன்றும் தெரியாது. என் மகன் துப்பாக்கிக்காகவும் மாறுவேடத்துக்காகவும் பார்த்தான். நான் பேஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் கெட்ட நேரத்தில் வெளியே போகும் பெற்றோரைப் பார்த்து, கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் அது. படியில் நின்ற முகமும் அதுதான்.

மூன்றாவது சீசனில் அவள் நேரடியாகவே கேட்கிறாள். பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் சீசன் முடிவில் பாதிரியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதுகொண்டே சொல்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பார், உண்மையைச் சொன்னால் பிள்ளை இப்படித்தான் உடையும், நீ சொல்லாமல் விட்டது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹென்றியைப் பார்த்ததும் அந்த நிம்மதியும் போய்விட்டது. அவனிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பெற்றோர் நாட்டை விட்டு ஓடும்போது விடுதிப் பாடசாலையில் இருக்கும் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அது விடைபெறும் பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. அப்பா குடித்திருக்கிறாரோ என்று நினைக்கிறான். பிறகு உண்மையைச் சொல்லப் போவது பக்கத்து வீட்டு ஸ்டான், எஃப்பிஐ அதிகாரி. பெற்றோர் சொல்லாததைக் கடைசியில் ஓர் உத்தியோகத்தர்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் மகனிடம் நிறுத்தச் சொன்னேன்.

இந்தத் தொடர் வெறும் கற்பனையில் வந்ததும் இல்லை. 2010 இல் அமெரிக்காவில் இப்படிப் பத்துப் பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒரு தம்பதிக்கு இரண்டு மகன்கள். கைது நடந்த நாள்வரை தங்களுக்கு எதுவும் தெரியாது என்றே அந்தப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

தொடரில் அந்தக் குடும்பத்துக்குத் தனி வீடு, நிலவறை, மூடிக்கொள்ளக் கதவுகள் இருந்தன. இங்கே ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். லயத்தில் இரகசியம் எப்படி நிற்கும் என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்துப் பாட்டி ஒரு கடிதத்துக்காக அலுவலகம் வந்தார். பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். "பெரியவளுக்குத் தெரிஞ்சுபோச்சு மிஸ்" என்றார். யாரும் சொல்லவில்லையாம். ஒரு நாள் பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு வீடியோ கோல் வந்திருக்கிறது. அம்மாவுக்குப் பின்னால் ஜன்னலில் பளிச்சென்று வெயில். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கொழும்பில் மட்டும் எப்படி இன்னும் வெயில் அடிக்கிறது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. போனை மெல்லத் திருப்பி, தம்பி கண்ணில் ஜன்னல் படாமல் பிடித்துக்கொண்டாளாம்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் "கொழும்புல மழையா?" என்று கேட்பாளாம்.

இதைக் கேட்ட அன்று எனக்கு வேலை ஓடவில்லை. தாய் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தார். நான் தாயின் சொல்லைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அந்தப் பிள்ளை எங்கள் எல்லாரையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், தனியாக. அன்று படியில் அவளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன், அம்மா உன்னை விட்டுப் போகவில்லை என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்ன பிறகு அவள் அழுதிருந்தால்? தாய் போகாமலே நின்றிருந்தால்? கடன்காரன் வாசலில் வந்து நின்றால் அவனுக்கு நானா பதில் சொல்வேன்?

2024 கடைசியில் அட்டன் டவுனில் அந்தத் தாயைக் கண்டேன். ஆள் கொஞ்சம் கறுத்திருந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமும் பிள்ளைங்களுக்குத் தெரியாமலே சமாளிச்சிட்டேன் மிஸ். பேக்ல ஒட்டியிருந்த எயார்போட் சீட்டக்கூட கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நீங்க அன்னைக்கு வாய் தொறக்கல, அது பெரிய உதவி."

சற்றுத் தள்ளி, கடை வாசலில், மகள் தம்பிக்குச் சப்பாத்து போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக உயர்ந்திருந்தாள். அம்மா பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரிம்மா, நல்லா இருங்க" என்றேன்.

அவள் குனிந்து தம்பியின் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினாள்.