சொல்லை அல்ல, அதன் மாறாத பகுதியைத் தேடுங்கள்

ஒரு கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை எம்.எஸ். வேர்டில் தேடிப் பிடித்து வண்ணமிட வேண்டுமா? ஏற்காடு கோடை விழா மலருக்கான கட்டுரை ஒன்றில் ‘ஏற்காடு’ என்று தேடினால் சில இடங்கள்தான் சிக்கும். ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு, ஏற்காட்டின் எல்லாம் தப்பிவிடும். உருபு சேரும்போது ‘டு’ என்பது ‘ட்டு’ ஆகிவிடுகிறதே! ஆகவே மாறாமல் நிற்கும் ‘ஏற்கா’ வரை மட்டும் தட்டச்சிடுங்கள். ‘ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி’ (முழுச் சொல் மட்டும்) பெட்டியில் டிக் இருக்கக் கூடாது.

எந்தச் சொல் அதிகம் வருகிறது என்றே தெரியவில்லையா? எம்.எஸ். வேர்டில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, மேற்கோள் குறிகளை நீக்குங்கள். கண்ட்ரோல் + எச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஓர் இடைவெளி விடுங்கள். மாற்றும் பெட்டியில் மோர், ஸ்பெஷல் வழியாக ‘பாராகிராஃப் மார்க்’ தேர்ந்தெடுத்து, ‘ரீப்ளேஸ் ஆல்’. வரிக்கு ஒரு சொல்லாகிவிடும். பிறகு ஹோம் பட்டியில் ‘சார்ட்’. தமிழில் உருபு பின்னால் ஒட்டுவதால், ஒரே சொல்லின் வடிவங்கள் அருகருகே வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

இனி அசல் கோப்பில் வண்ணமிடலாம். தேடிய சொற்களுக்குத் தற்காலிகமாக நிறமிடும் ‘ரீடிங் ஹைலைட்’ பார்வைக்கு மட்டும்தான், அச்சில் வராது. நிலையாக இருக்க வேண்டுமானால் முதலில் ஹோம் பட்டியில் ஹைலைட் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் + எச்சில் தேடும் பெட்டியில் ‘ஏற்கா’, மாற்றும் பெட்டியில் ^& இட்டு, ஃபார்மட்டில் ‘ஹைலைட்’ கொடுத்து ரீப்ளேஸ் ஆல். ^& என்றால் கிடைத்ததை அப்படியே வை என்று பொருள். மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு, ஃபார்மட் கொடுக்கவும் மறந்தால் சொற்கள் அழிந்துபோகும். அடுத்த சொல்லுக்கு வேறு நிறம்.

‘சேலம்’ இன்னும் சிக்கல். இளம்பிள்ளை நெசவு பற்றிய கட்டுரையில் ‘சேல’ என்று தேடினால் சேலையும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. இதற்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலி நல்லது. அங்கே ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ (சொல்லின் அமைப்பைக் குறிகளால் சொல்லித் தேடும் முறை) டிக் செய்து சேல[மத][^ ]* என்று கொடுத்து ‘ஃபைண்ட் ஆல்’ அழுத்துங்கள். ‘சேல’வுக்குப் பின் ம அல்லது த, பிறகு அடுத்த இடைவெளி வரை எதுவும் என்று இதற்குப் பொருள். சேலம், சேலத்தில், சேலத்துக்கு எல்லாம் தேர்வாகும், சேலை விலகிவிடும். தேடல் சன்னலை மூடிவிட்டு வண்ணப் பொத்தானைத் தட்டினால் போதும்.

கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் வராவிட்டால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். அச்சகத்திலிருந்து வந்த பழைய கோப்பு, யூனிகோடு (தமிழ் எழுத்துகளுக்கான இன்றைய பொதுக் குறியீட்டு முறை) அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் எதுவும் நடக்காது. இன்னொன்று, ‘கொட்டை’யில் உள்ள ஒகரக் குறி. சில விசைப்பலகைகள் அதை ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாக இடுகின்றன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கோப்பிலிருந்தே அந்த எழுத்தை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியில் நீங்களே தட்டச்சிட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்குங்கள்.

அடுத்தடுத்து இருமுறை விழுந்த சொற்களுக்கு, ரைட்டரில் அதே ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ டிக்குடன் ([^ ]+) \1 (ஒரு சொல், பிறகு அதே சொல் மீண்டும்) என்று எழுதி, அதற்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிகள் இல்லையென்றால் ‘வந்தது துணி’யில் உள்ள ‘து து’வையும் பிடிக்கும். பத்தியின் முதல் சொல்லும் நிறுத்தக்குறி ஒட்டிய சொல்லும் இதில் விடுபடும். ‘மெல்ல மெல்ல’, ‘வேறு வேறு’ போன்ற அடுக்குகளும் வரும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்குங்கள்.