அரை லிட்டர் மூச்சில் 150 மில்லி எங்கே போகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு தடவை மூச்சு இழுத்தால் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி ரத்தத்தின் பக்கமே போகாமல் திரும்பி வந்துவிடும். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், அதன் பெரிய கிளைகள் எல்லாம் வெறும் வழி. காற்றைச் சூடாக்கும், ஈரமாக்கும், தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். மூச்சு முடியும்போது வழியிலேயே நின்றுவிட்ட காற்றால் உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காது. நுரையீரலைப் பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைப்பதானால் இந்த 150-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். நிமிடத்துக்கு 12 மூச்சு, மூச்சுக்கு 500 மில்லி என்றால் மொத்தம் 6 லிட்டர். 24 மூச்சு, மூச்சுக்கு 250 மில்லி என்றாலும் அதே 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150-ஐக் கழித்துப் பாருங்கள். முதல் ஆளுக்குப் பயன்படும் காற்று 4,200 மில்லி, இரண்டாவது ஆளுக்கு வெறும் 2,400. மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விடுகிறவர் உழைப்பதெல்லாம் வழியை நிரப்பத்தான். விலா எலும்பு முறிந்தவரும் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரும் வலிக்குப் பயந்து குட்டி குட்டி மூச்சாக விடும்போது டாக்டர்கள் கவலைப்படுவது இதனால்தான். வலிக்கு மருந்து கொடுத்து, ஆழமாக இழுக்கச் சொல்வார்கள். வலி மருந்தும் இங்கே மூச்சுக்கான மருந்துதான்.

அந்த வழி எப்படிப்பட்டது? மூச்சுக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் அதை மூடிக்கொள்ளாமல் தாங்குகின்றன. வளையங்கள் முழு வட்டம் அல்ல, லாடம் மாதிரி. பின்பக்கம் ஒட்டியிருக்கும் உணவுக்குழாய் விரிவதற்கு அங்கே இடம் விட்டிருக்கிறது. கீழே மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கக் கிளை அகலம் அதிகம், நீளம் குறைவு, கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது. குழந்தை பட்டனையோ மணியையோ புரையேற்றிக்கொண்டால் அது பெரும்பாலும் வலது நுரையீரலில் போய் நிற்பதற்குக் காரணம் இதுதான். வலது நுரையீரலுக்கு 3 மடல்கள். இடதில் 2 மட்டும். மிச்ச இடம் இதயத்துக்கு.

அதன்பின் கிளைக்குள் கிளையாக ஏறக்குறைய 23 தடவை பிரிகிறது. முதல் 16 பிரிவு வரை வெறும் வழி. கடைசிக் கட்டங்களில்தான் காற்று நுண்ணறைகள், அதாவது ஆக்சிஜன் ரத்தத்துக்குள் ஏறும் குட்டிப் பைகள், வருகின்றன. ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அளவு. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 முதல் 50 கோடி. அத்தனையையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், ஒரு பேட்மின்டன் ஆடுகளத்தைவிடச் சற்றுக் குறைவு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இல்லை.

ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு இந்தச் சுவரை ஒட்டிக் கடந்துபோக முக்கால் நொடி ஆகும். ஆக்சிஜன் ஏறி முடிய அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். மீதி எல்லாம் கையிருப்பு. இந்தக் கையிருப்பு ஒரு வரம், ஆனால் ஏமாற்றியும் விடும். சுவர் தழும்பேறித் தடித்துப்போனாலும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடி ஏறும்போது ரத்தம் வேகமெடுக்கும், அந்த முக்கால் நொடி சுருங்கும், அப்போதுதான் மூச்சு வாங்கும். போதாததற்கு நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. வலிப்பது அதைச் சுற்றிய உறைதான். ‘போன வருஷம் ஏறிய படியில் இந்த வருஷம் நின்று நின்று ஏறுகிறேன்’ என்றால் அதை வயசின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளலாம். முழுதாக இழுத்து, பலம் கொண்டமட்டும் ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு வெளியேறியது என்பதுதான் அதில் முக்கியம். குழாய்கள் குறுகியிருந்தால் அந்த முதல் நொடி அளவுதான் அடிவாங்கும்.

இழுக்கும் வேலையை நுரையீரல் செய்வதில்லை. அது ஒரு மீள்தன்மையுள்ள பஞ்சு. விட்டால் சுருங்கத்தான் பார்க்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கி, மார்புக்கூடு விரிய, அதோடு சேர்ந்து நுரையீரலும் விரிகிறது. விடும் மூச்சுக்குச் சாதாரணமாக முயற்சியே வேண்டாம், தானாகச் சுருங்கிவிடும். பல வருடப் புகையால் அந்த மீள்தன்மை போனவருக்கு நிலைமை தலைகீழ்: இழுத்த காற்று முழுதாக வெளியே வராது, வரும் வழியிலேயே சிறு குழாய்கள் மடங்கி மூடிக்கொள்ளும். அவர்களுக்கு ஒரு எளிய உபாயம் உண்டு. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விளக்கை அணையாமல் அசைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். குவிந்த உதடு உள்ளே சிறிது அழுத்தத்தை நிறுத்திவைத்து, குழாய்கள் மடங்காமல் பார்த்துக்கொள்ளும்.

சுத்தம் செய்யும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. குழாய்களின் உட்சுவரில் சளிப் படலம். அதன் அடியில் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கும் நுண்ணிழைகள். தூசி ஒட்டிய சளியை அவை தொண்டைக்கு மேலேற்றுகின்றன, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சிகரெட் புகை இந்த இழைகளை முடக்குகிறது. புகையை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். ‘விட்டதும்தான் நோய் வந்தது’ என்று பயந்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இழைகள் மறுபடி வேலைக்கு வந்து தேங்கியதைத் தள்ளும்போது வரும் இருமல் அது. நுரையீரலைக் கழுவித் தருவதாக விற்கும் கஷாயம், மாத்திரை எதுவும் இந்த இழைகளின் வேலையைச் செய்யாது.

ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த 150 மில்லிப் பாதையின் தொடக்கம் இன்னொரு வகையில் எதிரி: மருந்து வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். அமுக்கும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயை இறுகப் பொருத்தி, இழுக்க ஆரம்பித்த அந்தக் கணத்தில் அமுக்குங்கள். 3 முதல் 5 நொடி மெதுவாக இழுத்து, 10 நொடி பிடித்துவையுங்கள். வேகமாக இழுத்தால் துளிகள் வளைவில் திரும்ப முடியாமல் தொண்டைச் சுவரில் மோதி நின்றுவிடும். அமுக்குவதும் இழுப்பதும் ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய்) வாங்கிக்கொள்ளுங்கள், பெரியவர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை. பவுடர் இன்ஹேலருக்கு இதற்கு நேர்மாறு: பவுடரைக் கிளப்புவது உங்கள் மூச்சுதான் என்பதால் சட்டென்று பலமாக இழுக்க வேண்டும், இன்ஹேலருக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பவுடர் கட்டியாகிவிடும். ஸ்டீராய்டு மருந்து என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெண்பூஞ்சை வரலாம்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலுமாக இருந்தால் மூச்சை எண்ணிப் பாருங்கள். அவரிடம் சொல்லாமல் எண்ண வேண்டும், சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்க்கலாம். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தொட்டாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.