14 கேப்சூல்: உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் ஒரு வாரம்

சேர்வராயன் மலையில் மழை ஓய்ந்து காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில், விடாத காய்ச்சலோடு வருகிறவரிடம் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு மூன்றையும் காட்டச் சொல்வோம். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் சந்தேகம் வலுக்கும். இதற்குப் பெயர்தான் உண்ணிக் காய்ச்சல். கடிப்பது மாட்டு உண்ணி அல்ல, புதரில் இருக்கும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பூச்சியின் இளம்பருவம். பொருக்கு இல்லாமலும் வரும் என்பதால் முடிவு மருத்துவருடையது.

45 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். மொத்தம் 14. பத்து கேப்சூல் அட்டை ஒன்றை மட்டும் வாங்கி, அது தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரவில் ஆரம்பித்தால் கடைசி கேப்சூல் எட்டாம் நாள் காலையில்தான் வரும். அதனால் நாட்களை எண்ணாமல் கேப்சூலை எண்ணுங்கள்.

இந்த மருந்தில் அதிகம் பிசகுவது விழுங்குகிற விதம். ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டு உடனே படுத்தால் கேப்சூல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு வலிக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருவது. இரவு வேளையைப் படுக்கப் போகும்போது என்று வைக்காமல் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டால் குமட்டலும் குறையும்.

பாலோடு விழுங்க வேண்டாம். மருந்து உடம்பில் சேர்வது கொஞ்சம் குறையும். அதைவிட மோசம் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை. இவை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அந்த ஒரு வாரம் நிறுத்தலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது சுலபம்.

மலைப்பாதையில் பஸ் ஏறும் முன் போட்டுக்கொள்ளாதீர்கள். வளைவுகளில் வாந்தி வந்தால் மருந்தும் போய்விடும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வெயில் பட்டால் தோல் எளிதில் பொசுங்கும். ஏற்காட்டில் குளிர்தானே என்று தோன்றும், ஆனால் பொசுக்குவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும்.

கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அவர்களுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் எழுதுவார்கள். குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு. தோலில் தடிப்பு, முகவீக்கம், கடும் தலைவலியோடு பார்வை மங்கல் வந்தால் அடுத்த கேப்சூலுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

நோய் இதுவேயானால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் நிறுத்தினால் திரும்பலாம். மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் வேறு காய்ச்சலாகவோ சிக்கலாகவோ இருக்கலாம். மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் சேலத்துக்குக் கிளம்புங்கள். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.