தற்காலிகப் பல்லைத் திட்டாதீர்கள்

முழுவாய்ச் சீரமைப்பு, அதாவது வாயிலிருக்கும் எல்லாப் பற்களையும் ஒருசேரச் சரிசெய்யும் சிகிச்சை செய்துகொண்டேன் என்றதும் எல்லாரும் கேட்பது, "ரொம்ப வலிச்சுதா?" என்றுதான். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். மேலண்ணத்தில் போடும் ஊசி கண்ணில் நீரே வரவழைக்கும். அதன்பிறகு அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. உண்மையில் ஆளைச் சோதிப்பது, நிரந்தரப் பல் வரும்வரை தற்காலிகப் பல்லோடு நடுவில் வரும் மாதங்கள்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி ஒவ்வொன்றாகப் போயிருந்தன. மெல்லும் பாரம் முழுக்க முன்பற்கள்மேல் விழுந்தது. போதாக்குறைக்கு இரவில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம். ஐம்பதைத் தாண்டும்போது முன்பற்கள் பாதியாகத் தேய்ந்து, முகத்தின் கீழ்ப்பாகமே குறுகி, வாயோரம் மடிந்து அடிக்கடி புண்ணாகும். ஒரு பல்லுக்கு கேப் போட்டால் போதும் என்று போனவளிடம், "கேப் வைக்க இடமே இல்லைங்க, முதல்ல கடியோட உயரத்தைக் கூட்டணும்" என்றார் டாக்டர். உயரத்தைக் கூட்டினால் எல்லாப் பற்களையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கேப் முழுவாயான கதை இதுதான்.

இதற்குப் பொறுப்பேற்பவர் ப்ராஸ்தடான்டிஸ்ட், அதாவது செயற்கைப் பல் பொருத்துவதில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்தவர். வேர் சிகிச்சைக்கும் ஈறுக்கும் வேறு நிபுணர்கள் வந்து போவார்கள். யார் வந்தாலும் திட்டம் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பல்லில் கையே வைக்கமாட்டார்கள். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, மேலும் கீழும் அளவு, முகத்தைப் பல கோணங்களில் போட்டோ. இம்ப்ளாண்ட், அதாவது போன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு வைப்பதென்றால், சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேனும் உண்டு. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு எங்கே இருக்கிறது, எலும்பு எவ்வளவு மிச்சம் என்று அதில்தான் துல்லியமாகத் தெரியும். எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாத சராசரியான எச்.பி.ஏ.1.சி. 8-க்கு மேல் இருந்தது. 7-ஐ ஒட்டி வராமல் அறுவை வேலை தொடங்கமாட்டேன் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்தக் கறார்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கையைத் தந்தது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

அடுத்து, மேல்பற்களில் மாட்டும் தெளிவான பிளேட் ஒன்று தந்தார்கள். கூட்டப்போகும் உயரத்தைக் காதருகே இருக்கும் தாடை மூட்டு ஏற்கிறதா என்று சில வாரம் பார்க்கிறார்கள். பிறகு கிளீனிங், சில பற்களுக்கு ரூட் கெனால், காப்பாற்ற முடியாததைப் பிடுங்குவது.

இம்ப்ளாண்ட் வைப்பதைப் பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மண்டைக்குள் அதிரும் சத்தம், தண்ணீர், திறந்தே வைத்திருப்பதில் தாடைக்கு வரும் அலுப்பு, அவ்வளவுதான். முதல் நாள் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, ஐஸ் ஒத்தடம், ஆறிய தயிர்சாதம். கன்னம் ஓரிரு நாள் நன்றாகவே வீங்கும். டைட்டானியத்தை எலும்பு தன்னோடு இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டவர் ஸ்வீடனின் பிரேனமார்க். 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார். அந்தப் பிடிப்புக்குக் கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம், எலும்பு மிருதுவான மேல்தாடையில் 4 முதல் 6 மாதம் ஆகும் என்பது வழக்கமான கணக்கு. சிலருக்கு உடனேயே தற்காலிகப் பல் பூட்டுவதும் உண்டுதான். ஆனால் யார் வந்தாலும் "ஒரே வாரத்தில் முழு வாய்" என்று போர்டு வைப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

இப்போது தற்காலிகப் பல்லுக்கு வருவோம். மீதிப் பற்களைச் செதுக்கி, அன்றைக்கே அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பற்களை ஒட்டுவார்கள். செதுக்கியபின் கண்ணாடி பார்க்காமலிருப்பது நல்லது. ஒட்டும் சிமெண்டில் கிராம்பு வாசனை அடிக்கும். நாக்குக்கு வாயே அந்நியமாகிவிடும். த, ந சொல்ல நாக்கு மேல்பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும், அந்த இடமே மாறிவிட்டதே! நான் ஆசிரியை. 'ஸ்' வரும் இடமெல்லாம் விசில் வந்தது, கடைசி பெஞ்சுக்கு ஒரே கொண்டாட்டம். சாம்பார் மஞ்சள் அப்படியே ஏறிக்கொள்ளும். திடீரென்று கழன்றும் வரும். பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் ஒட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் ஃபெவிக்விக் எடுத்துவிடாதீர்கள்.

இதைக் காத்திருக்கும் காலம் என்று நினைத்துப் பல்லைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். வேலையே இங்கேதான் நடக்கிறது. அக்ரிலிக்கில் சேர்க்கலாம், குறைக்கலாம். பேச்சும் கடியும் சரியாகும் வரை திருத்தி, அந்த வடிவத்தை ஸ்கேன் செய்துதான் லேபில் சிர்கோனியா என்ற உறுதியான பீங்கானில் நிரந்தரப் பற்களைச் செய்கிறார்கள். சிர்கோனியாவை டாக்டர் நாற்காலியில் நம்மை உட்காரவைத்தே தேய்க்க முடியும், கூட்ட முடியாது. ஆகவே குறைகளை இப்போதே கொட்டிவிடுங்கள்: கன்னம் கடிபடுகிறதா, காலையில் நெற்றிப்பொட்டில் வலிக்கிறதா, எங்கே உணவு சிக்குகிறது, எந்த எழுத்து பிசகுகிறது. கடி படும் இடத்தில் கறை பதிக்கும் நீலத்தாளை வைத்து "கடிங்க, அரைங்க, பக்கவாட்டில நகர்த்துங்க" என்பார்கள். ஊசியின் மரப்பு இருக்கும்போது எல்லாமே சரியாக இருப்பதுபோல்தான் தோன்றும். மரப்பு இல்லாத இன்னொரு நாளில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் தொந்தரவு கொடுப்பவள் என்று பெயரெடுக்கும் அளவுக்குப் போனேன்.

நிறம் பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில், உதட்டுச்சாயம் இல்லாமல் செய்ய வேண்டும். மகள் இருப்பதிலேயே வெள்ளையைக் காட்டினாள், நான் ஏ2 என்ற இயல்பான பல் நிறத்தில் நின்றேன். செய்து வந்ததை முதலில் தற்காலிக சிமெண்டில் ஒட்டிச் சில நாள் சாப்பிட்டுப் பார்த்த பிறகே நிரந்தரமாக ஒட்டினார்கள்.

இம்ப்ளாண்ட் பல்லுக்கு இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் நார்ப்பிடிப்பு கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது மங்கலாகத்தான் தெரியும். முறுக்கு சாப்பிடுகிறேன், சீடையை விட்டுவிட்டேன். என்னைப் போலப் பல் கடிப்பவர்களுக்கு இரவில் பல்லின்மேல் மாட்டும் நைட் கார்டு என்ற காப்பு பிளேட் கட்டாயம். பல்லிடுக்குக்குத் தனி பிரஷ். கேப்புக்குச் சொத்தை வராது, அதன் ஓரத்தில் இருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும்.

செலவு சில லட்சங்களில் போகும். விபத்தில் உடைந்தாலொழிய மருத்துவக் காப்பீடு பொதுவாகத் தராது. பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் வெகுவாகக் குறையும், நாள் இழுக்கும். எங்கே போனாலும் தற்காலிகப் பல், நைட் கார்டு, மறுபடி செய்ய நேர்ந்தால் யார் செலவு என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். இம்ப்ளாண்ட் டப்பாவில் கம்பெனி, அளவு, லாட் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு கம்பெனி திருகுக்கும் வேறு சாவி. நாளைக்கு வேறு ஊரில் அது தளர்ந்தால், அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.