பிரஷர் இருக்கு, தண்ணி ஏன் வரலை?

நீலகிரியில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ரோட்டு மட்டத்தில் டேங்கை வைத்து, கீழே தட்டுத் தட்டாக அறைகளை இறக்கியிருக்கும் விடுதிகளில் எட்டு மாடிக் கட்டடத்தின் குழாய்ச் சிக்கல் அத்தனையும் இருக்கிறது. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ பிரஷர் (சதுர செ.மீ.க்கு). 24 மீட்டர் கீழே உள்ள அறையில் 2.4 கிலோ, 2 மீட்டர் கீழே உள்ள ஷவரில் வெறும் 0.2.

இதெல்லாம் குழாயை மூடி வைத்திருக்கும்போது. தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் உராய்வு தின்னத் தொடங்கிவிடும். உள்விட்டம் 15 மி.மீ. உள்ள புதுப் பைப்பில் நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடினால், 10 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.2 மீட்டர் உயரத்துக்கான பிரஷர் போய்விடும். 20 மி.மீ. போட்டால் 0.3 மீட்டர்தான் போகும். துருப்பிடித்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் இழப்பு இன்னும் மோசம். அதனால் பம்ப் வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள். ஓட்டத்தை இரட்டிப்பாக்க உராய்வுக்கு மட்டும் மூன்றரை மடங்குக்கு மேல் பிரஷர் வேண்டும். சின்ன பைப்பில் பம்ப் காசு வீண்.

சோதிக்க ஒரு பிரஷர் கேஜும் 10 லிட்டர் வாளியும் போதும். குழாய்க்குச் சற்று முன்னால் ‘T’ வடிவ இணைப்பு போட்டு கேஜை மாட்டுங்கள். மூடியபோது 2.4 காட்டி, திறந்ததும் 0.5க்கு விழுந்தால் கோளாறு டேங்கிலிருந்து வரும் வழியில்: பாதி திறந்த கேட் வால்வு, துரு, சின்ன பைப். முள் 2.2லேயே நின்றும் வாளி நிரம்ப 2 நிமிடம் ஆனால், குழாய் முனை வலையைக் கழற்றிக் கழுவுங்கள்.

மேல் அறைக்காரர் குளிக்கும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் ஷவர் நின்றுபோகிறதா? இரண்டுக்கும் ஒரே இறங்கு பைப். மேல் அறைகளுக்கு டேங்கிலிருந்தே தனி பைப் இழுப்பதுதான் சரியான தீர்வு. அதுவும் போதாவிட்டால் அந்த லைனுக்கு மட்டும் பூஸ்டர் பம்ப்.

கீழ்த்தட்டில் பிரஷர் மிகுந்தால் குறைப்பு வால்வு போடலாம். அதைக் கீசருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் லைன் பிரிவதற்கு முன்னாலேயே போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மிக்சரில் சூடும் குளிரும் ஒட்டாது. குறைப்பு வால்வு தண்ணீரைப் பின்னோக்கி விடாததால், கீசரில் சூடேறி விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. அதனால் அந்தப் பிரஷரை வெளியேற்றும் கீசரின் சேஃப்டி வால்வை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.