பொம்மைப் போர்வையும் ஈடுசெய் பிழையும்

"மாமா, இது என் பொம்மைக்குக் கவுனா?"

வீடியோ அழைப்பில் அக்கா மகள் ஆசையாகத்தான் கேட்டாள். நான் தூக்கிக் காட்டியது போர்வை. கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாகப் பின்னுகிற குரோஷே வேலை அது. வரிசைக்கு 30 தையல், முழுக்க டபுள் குரோஷே என்கிற உயரமான தையல், நேரான செவ்வகம் என்பதுதான் என் திட்டம். ஆனால் அடியில் அகலமாகத் தொடங்கிய அந்தச் செவ்வகம், ஒன்பது வரிசைக்குள் முறம் மாதிரி குறுகிப் போயிருந்தது. "ஆமா, கவுன்தான்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டு "போர்வைடா கண்ணு" என்று சொல்லிவிட்டது. குழந்தை ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் ரொம்ப நேரம் நீடித்தது.

என் பிழைப்பே கணக்கு எழுதுவது. ஒற்றை இலக்கம் இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து தேடுகிற ஆள் நான். அப்பேர்ப்பட்டவனுக்கு முப்பது வரை எண்ணத் தெரியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? அன்றிரவே விளக்கடியில் உட்கார்ந்து எண்ணினேன். நான் வாங்கியிருந்தது கருநீல நூல், அதுவும் ரோமம் ரோமமாகச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற ரகம். ஒரே வரிசை முதலில் 27, அடுத்து 29, மூன்றாம் முறை 28 என்று வந்தது. (புதிதாகக் கற்பவர்கள் வெளிர் நிறத்தில், வழவழப்பான நூலாகப் பார்த்து வாங்குங்கள். தையல் கண்ணுக்குத் தெரிந்தால்தானே எண்ண முடியும்.) கடைசியில் பல்குச்சியால் ஒவ்வொரு தூணாகத் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்தேன். 30, 29, 28 என்று இறங்கி ஒன்பதாவது வரிசையில் 22. வரிசைக்குச் சரியாக ஒன்று குறைகிற அழகான கூட்டுத்தொடர்.

அப்போதே அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். கௌரவம் விடவில்லை. ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தேன். அதிலிருந்த அம்மாள், "டபுள் குரோஷேயில் வரிசையின் முதல் தையலிலேயே குத்துங்கள்" என்றார். ஆகா, நாம் விட்டது இதைத்தான் என்று பத்தாவது வரிசையில் அப்படியே செய்தேன். எண்ணினால் 22. பதினொன்று, 22. பன்னிரண்டு, 22. சரிவு நின்றுவிட்டது! இழந்த எட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கின்றன.

வேறு வழியில்லாமல் அக்காவை அழைத்தேன். "டேய், கேமராவை ஓரத்துக்குக் கொண்டு போ. நடுவுல எனக்கு என்ன வேலை?" என்றாள். பார்த்ததும் சிரிப்பு. "கடைசித் தையலை எங்கேடா குத்துற?"

"கடைசியிலதான்."

"போன வரிசை ஆரம்பத்துல சங்கிலி மாதிரி 3 வளையம், அதான் 3 செயின், போட்டியே, அதோட தலையில குத்தினியா?"

"அது தையலா? ஓரத்து நூல்னு நினைச்சேன்."

அங்கேதான் விஷயம். டபுள் குரோஷேயில் திரும்பும்போது போடும் 3 செயின், பெரும்பாலும் அந்த வரிசையின் முதல் தையலாகவே கணக்கில் வரும். அதனால் அதன் காலடியில் மறுபடி குத்தக் கூடாது, அடுத்த தையலில் இருந்துதான் தொடங்க வேண்டும். திரும்பி வரும்போது அந்தச் செயினின் உச்சியில் கடைசித் தையல் விழ வேண்டும். நான் உச்சியை விட்டதால் வரிசைக்கு ஒன்று குறைந்தது. பிறகு காலடியில் குத்தியதால் ஒன்று கூடியது. கூடியதும் குறைந்ததும் நேராகிக் கூட்டல் சரியாக வந்தது! கணக்குப் பதிவியலில் இதற்கு ஈடுசெய் பிழை என்று பெயர். பற்றும் வரவும் சமமா என்று பார்க்கிற இருப்பாய்வு சமன்பட்டிருக்கும், உள்ளே இரண்டு தப்பு உட்கார்ந்திருக்கும். எத்தனை பேருக்கு இதை நான் விளக்கியிருப்பேன்!

அந்த வீடியோ அம்மாள் மேலும் தப்பில்லை. அவர் பிரிட்டிஷ் முறையில் பேசுகிறார். அவர்கள் டபுள் என்பது அமெரிக்கர்களின் சிங்கிள், அதாவது குட்டையான தையல். அமெரிக்கர்களின் டபுள் அவர்களுக்கு ட்ரெபிள். சிங்கிளுக்குத் திரும்ப 1 செயின் போதும், வழக்கமாக அதைத் தையலாக எண்ணுவதில்லை, அதனால் முதல் தையலிலேயே குத்துவார்கள். நான் பின்னியது அமெரிக்க டபுள், கேட்டது பிரிட்டிஷ் உபதேசம். ஒரே பெயரை இரண்டு தையலுக்கு வைத்தவர்களை என்ன சொல்ல?

"உருவிடு" என்றாள் அக்கா. குரோஷேயில் ஊசியில் இருப்பது ஒரே ஒரு உயிருள்ள வளையம். ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும். நாலு நாள் உழைப்பு நாலு நிமிடத்தில் சுருள் சுருளாக மடியில் கிடந்தது.

மறுபடி 32 செயின். ஊசியில் இருக்கும் வளையத்தையும் முதல் முடிச்சையும் எண்ணக் கூடாது. நாலாவது செயினில் தொடங்கினால், விட்ட மூன்றும் சேர்ந்து ஒரு தையல், மீதி 29, ஆக 30. அடிச்செயின் இறுகி அடி ஓரம் சுருங்காமல் இருக்க, அதற்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி. இந்த முறை ஒவ்வொரு வரிசையிலும் 3 செயினின் உச்சியில் ஒரு காகித கிளிப், கடைசித் தையலில் ஒரு கிளிப். திரும்பி வரும்போது கிளிப் இருக்கும் இடத்தில் குத்தாமல் போக முடியாது. நடுவில் இருக்கிற 28 தையலும் அப்பாவிகள் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாக் களவாணித்தனமும் இரண்டு முனையில்தான். அலுவலகத்தில் கிளிப் டப்பா காலியானது பற்றி விசாரணை நடந்தது. நானும் சேர்ந்து தேடினேன்.

இருபது வரிசையும் 30, 30, 30. மிச்சமிருந்த சின்ன நெளிவை மறைக்கச் சுற்றிலும் சிங்கிளில் ஒரு கரை வைத்தேன். பக்கவாட்டில் வரிசைக்கு இரண்டு, மூலைக்கு மூன்று என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆர்வக் கோளாறில் பக்கவாட்டிலும் மூன்று போட்டேன். ஓரம் பூரா கொசுவம் வைத்த மாதிரி அலையடித்தது. அதையும் உருவி, இரண்டாகக் குறைத்தேன்.

அளவுகோலை வைத்து நாலு பக்கமும் சரிபார்த்துவிட்டு அழைத்தேன். மருமகள் திரையில் வந்தாள். போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், தலையைத்தான்.

"நல்லாருக்கு மாமா" என்றாள். "அந்தக் கவுன் எங்கே?"